பேனா பிடித்த பிரபு

1868 மே மாதம் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் பத்திரிகைகளின் கடிவாளத்தைச் சற்றுத் தளர்த்தினார். பத்திரிகை தொடங்க அரசின் முன் அனுமதி வேண்டாம் என்றது புதிய சட்டம். ஜூன் பிறக்கும்போது, சிவப்பு அட்டை போட்ட, சட்டைப்பைக்குள் அடங்கும் வார இதழ் ஒன்று பாரிஸில் பரபரப்பாக விற்றது. 'லா லாந்தெர்ன்', அதாவது விளக்கு. எழுதியவர் ஆன்ரி ரோஷ்ஃபோர் என்ற ஒரே ஆள்.

பிறப்பால் பிரபு வம்சம். பிழைப்புக்கு நகராட்சி குமாஸ்தா வேலை பார்த்தவர். சர்க்கார் கொடுத்த நெருக்கடியில், அவர் எழுதிவந்த 'ஃபிகாரோ' பத்திரிகை அவரை விலக்கியது. அதன் முதலாளி வில்மெசானே புதிய இதழுக்குப் பணமும் போட்டார். கெட்டிக்கார வியாபாரி!

முதல் இதழில் ரோஷ்ஃபோர் தம்மை நெப்போலியன் பரம்பரையின் விசுவாசி என்று அறிவித்துக்கொண்டார். எந்த நெப்போலியன்? ஆளாமலே இளம் வயதில் இறந்துபோன இரண்டாமவர்! யுத்தம் இல்லை, வரி இல்லை, இப்படியோர் ஆட்சி உண்டா என்று உருகினார். விற்பனை லட்சத்தைத் தாண்டியது. 11-ஆம் இதழைப் பறிமுதல் செய்தார்கள். அவர் பிரஸ்ஸல்ஸுக்குத் தப்பி, விக்டர் ஹியூகோ வீட்டில் அடைக்கலம் புகுந்தார். இதழ் மட்டும் திருட்டுத்தனமாகப் பிரான்ஸுக்குள் வந்துகொண்டே இருந்தது. பேரரசரின் மார்பளவுச் சிலைகளுக்குள் ஒளித்து அனுப்பினார்கள் என்றொரு கதை உண்டு. பொய்யென்றாலும் ரோஷ்ஃபோருக்குப் பொருத்தமான பொய்.

1869 நவம்பர் இடைத்தேர்தலில் பாரிஸ் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்து 'லா மார்செய்யேஸ்' நாளிதழ். 1870 ஜனவரி 10 அன்று அதன் இளம் நிருபர் விக்தோர் நுவாரைப் பேரரசரின் உறவினர் பியர் பொனபார்ட் சுட்டுக் கொன்றார். பாரிஸை அடுத்த நுயியில் நடந்த இறுதிச் சடங்குக்கு லட்சம் பேர் திரண்டார்கள். சவப்பெட்டியைப் பாரிஸுக்குள் தூக்கிப்போய்ப் புரட்சியைத் தொடங்கிவிட வேண்டும் என்று ஒரு கூட்டம் துடித்தது. படைகள் காத்திருந்தன. ரோஷ்ஃபோர் வேண்டாமென்று தடுத்து, நுயியிலேயே அடக்கம் செய்யவைத்தார். என் பார்வையில், அவர் பொறுப்புள்ள அரசியல்வாதியாக நடந்துகொண்ட நாள் அதுதான். சுட்டவருக்கு விடுதலை கிடைத்தது; கொலையைக் கண்டித்து எழுதிய ரோஷ்ஃபோர் சிறைக்குப் போனார்.

செப்டம்பரில் பேரரசு கவிழ்ந்ததும் சிறையிலிருந்து நேரே மந்திரிசபை. அங்கும் நிலைக்கவில்லை. பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி அரசு வீழ்ந்தபின், அதற்குச் சாதகமாக எழுதிய அவரை நியூ கலிடோனியா தீவுக்கு நாடுகடத்தினார்கள். 1874 மார்ச்சில் ஓரிரவு, கடலில் நீந்திப் படகேறி, ஐந்து தோழர்களோடு ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். ஓவியர் மானே அந்தக் காட்சியை இருமுறை தீட்டினார்.

1880-இல் பொதுமன்னிப்பு பெற்றுத் திரும்பி 'லாந்த்ரான்சிழான்' நாளிதழைத் தொடங்கினார். நீதிக்காக ஊரைத் திரட்டியவர், தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட ராணுவ அதிகாரி டிரைஃபஸின் வழக்கில் அநீதியின் பக்கம் நின்றார். சான்று ஆவணம் ஒன்றைத் தானே போலியாகத் தயாரித்ததாக வேறொரு ராணுவ அதிகாரி 1898-இல் ஒப்புக்கொண்ட பிறகும், யூதர் என்பதற்காகவே அந்த நிரபராதியை அவருடைய பத்திரிகை தூற்றியது. அதையும் ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள்.