மின் நிலையங்களில் சிறு எண்ணெய்க் கசிவு

எண்ணெயை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களில் மட்டும்தான் எண்ணெய் இருக்கும் என்றில்லை. நிலக்கரி நிலையத்தில் கொதிகலனை மூட்ட உலை எண்ணெயும் டீசலும் வேண்டும். டர்பைனின் தாங்கிகளுக்கு உயவு எண்ணெய் வேண்டும். மின்மாற்றியின் உள்ளே காப்புக்கும் குளிர்விப்புக்கும் நிரம்பியிருப்பது கனிம எண்ணெய். அணுமின், நீர்மின் நிலையங்களும் இதற்கு விலக்கல்ல. வால்வு, குழாய் இணைப்பு, மின்மாற்றியின் அடைப்பான், டேங்கர் லாரியிலிருந்து இறக்கும் இடம் ஆகியவை கசிவு தொடங்கும் வழக்கமான இடங்கள்.

கசிவு சிறியதா பெரியதா என்பதை லிட்டர் கணக்கு மட்டும் சொல்லிவிடாது. சிமென்ட் தரையில் கொட்டிய நூறு லிட்டரை ஒரு பிற்பகலில் அள்ளிவிடலாம். அதே நூறு லிட்டர் மழைநீர் வடிகாலில் இறங்கிவிட்டால் கதையே வேறு. நீரின் மேல் வெள்ளிநிறத்தில் மின்னும் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவில்கூட இருக்கும். அந்தத் தடிமனில் ஒரே ஒரு லிட்டர் 10,000 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர், பரவும். அமெரிக்காவில் தூய நீர்ச் சட்டத்தின் கீழுள்ள விதி, நீர்ப்பரப்பில் படலம் தெரிந்தாலே அறிவிக்க வேண்டும் என்கிறது. அதற்குக் குறைந்தபட்ச லிட்டர் வரம்பு கிடையாது. நியாயமான விதி.

ஆகவே கசிவைக் கண்டவுடன் பம்பை நிறுத்தி வால்வை மூடுவதும், அருகிலுள்ள வடிகால் வாய்களை அடைப்பதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். கசிந்தது எந்த எண்ணெய் என்று அறிவதும் அவசரம். டீசல் என்றால் தீப்பொறி எழக்கூடிய வேலைகள் அனைத்தும் நிற்க வேண்டும். பழைய மின்மாற்றி என்றால் பிசிபி எனப்படும் நச்சு வேதிப்பொருள் கலந்திருக்கலாம் என்பதால், சோதித்துப் பார்க்கும்வரை வெறுங்கையால் தொடக்கூடாது. பிறகு மணல் மூட்டைகளால் கரை கட்டி, உறிஞ்சு விரிப்புகளால் எண்ணெயை எடுக்கிறார்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதுதான் இதில் மிகக் கெட்ட பழக்கம். சோப்புக் கரைசல் சேர்ந்தால் இன்னும் மோசம்: எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறி, எண்ணெய்-நீர் பிரிப்பானையும் தாண்டி வெளியேறிவிடும்.

தொட்டிகளையும் மின்மாற்றிகளையும் சுற்றிக் கட்டப்படும் தடுப்புச் சுவரும் குழியும் உள்ளிருக்கும் எண்ணெய் முழுவதையும் தாங்கவே அமைக்கப்படுகின்றன. ஆனால் அந்தக் குழியில் முதலில் வந்து நிறைவது பெரும்பாலும் தண்ணீர். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்த இந்தியன் பாயின்ட் அணுமின் நிலையத்தில் நடந்தது இதற்குச் சரியான சான்று. 2015 மே 9 அன்று மூன்றாம் உலையின் முதன்மை மின்மாற்றி பழுதாகித் தீப்பிடித்தது. உலை தானாகவே நின்றது. மின்மாற்றியில் இருந்த எண்ணெய் ஏறத்தாழ 24,000 கேலன், சுமார் 90,000 லிட்டர். தீயணைக்கப் பாய்ச்சிய நீரும் நுரையும் தடுப்புக் குழியை நிரப்பின. நீரைவிட எடை குறைந்த எண்ணெய் மேலே மிதந்து வழிந்தது; அதில் ஆயிரக்கணக்கான கேலன் ஆற்றில் கலந்தது. மிதவைத் தடுப்புகள் போடப்பட்டபோது ஆற்றில் படலம் பரவியிருந்தது. அணுக்கதிர் ஆபத்து ஏதும் நேராத அந்த விபத்தில் ஆற்றுக்குக் கேடு செய்தது தீயணைப்பு நீர் சுமந்து சென்ற எண்ணெய்தான். குழியின் கொள்ளளவைக் கணக்கிடும்போது மழைநீருக்கும் தீயணைப்பு நீருக்கும் தனியே இடம் விட்டாக வேண்டும். மழைக்குப் பின் குழியைத் திறந்துவிடும் வால்வைப் பூட்டியே வைத்து, எண்ணெய் இல்லை என்று பார்த்த பிறகே திறந்து, அதைப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும்.

எண்ணெய் வாய்க்காலை எட்டிவிட்டால் மிதவைத் தடுப்புதான் கைகொடுக்கும், அதுவும் ஓரளவுக்கே. நீரோட்டம் விநாடிக்கு சுமார் 0.35 மீட்டரைத் தாண்டினால், குறுக்கே நேராகப் போட்ட தடுப்பின் அடியில் எண்ணெய் நழுவிப் போய்விடும். அதனால் ஓட்டத்துக்குச் சாய்வாகப் போட்டு, எண்ணெயைக் கரையோரம் ஒதுக்கி அங்கே உறிஞ்சி எடுப்பார்கள்.

மண்ணுக்குள் இறங்கும் கசிவு கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே அதிகம் அலட்சியப்படுத்தப்படுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் தேங்கி நிற்பது. மேலே கொட்டியதை அந்தக் கல் வடிகட்டுவதில்லை. அக்குடாநாட்டிலுள்ள சுன்னாகம் அனல்மின் நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்ததாக எழுந்த வழக்கில், இலங்கை உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில், அங்கு இயங்கிய தனியார் மின் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அள்ளிய மண்ணும் உறிஞ்சு விரிப்புகளும் அபாயக் கழிவுகளே. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி அவற்றை அனுமதி பெற்ற நிறுவனங்களிடமே ஒப்படைக்க வேண்டும்; நிலையத்தின் பின்புறக் குழியில் கொட்டுவது சட்டமீறல்.