வைட்டமின் மாத்திரை, புரதப் பொடி: வாங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை என்னென்ன?

வைட்டமின் மாத்திரைகள், புரதப் பொடிகள், மீன் எண்ணெய் கேப்சூல்கள், மூலிகைச் சாறுகள் போன்றவை மருந்துக் கடைகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் இணைய விற்பனைத் தளங்களிலும் மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு இன்றியே கிடைக்கின்றன. பார்வைக்கு மருந்தைப் போலிருந்தாலும், இவற்றில் பெரும்பாலானவை சட்டப்படி உணவு வகையைச் சேர்ந்தவை. தரமான பொருளைத் தேர்ந்தெடுக்க விரும்பும் நுகர்வோர் முதலில் அறிய வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

மருந்தா, உணவா?

ஊட்டச்சத்து துணை உணவுகள் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 22-ஆவது பிரிவின் கீழ் வருகின்றன. இவற்றுக்கான தனி விதிமுறைகளை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-இல் அறிவிக்கை செய்தது. புதிய மருந்து ஒன்று சந்தைக்கு வரும் முன் அதன் பலனையும் பாதுகாப்பையும் மருத்துவப் பரிசோதனைகள் மூலம் நிரூபிக்க வேண்டும். துணை உணவுகளுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. எனவே, நோயைக் குணப்படுத்தும் என்று அவற்றின் விளம்பரங்கள் கூறக் கூடாது. 'நீரிழிவை ஒழிக்கும்', 'மூட்டு வலியை முற்றிலும் போக்கும்' என உறுதியளிக்கும் துணை உணவை வாங்காமல் தவிர்ப்பதே நல்லது.

ஒரே சத்து இரு வகையிலும் விற்கப்படலாம். 60,000 யூனிட் வைட்டமின் டி கேப்சூல் மருந்தாக விற்கப்படுகிறது. அதன் அட்டையில் மருந்துத் தயாரிப்பு உரிம எண் இருக்கும். ஆயுர்வேத, சித்த மருந்துகள் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருவதால், அவற்றுக்கும் தனி உரிம எண் உண்டு. உணவு உரிம எண், மருந்து உரிம எண் ஆகிய இரண்டுமே இல்லாத புட்டியை வாங்கக் கூடாது.

14 இலக்க எண்

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் 14 இலக்கங்கள் கொண்டது. ஆணையத்தின் 'ஃபாஸ்காஸ்' இணையதளத்திலோ 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியிலோ இந்த எண்ணைப் பதிவிட்டால், உரிமம் பெற்ற நிறுவனத்தின் விவரங்களையும் உரிமம் நடப்பில் உள்ளதா என்பதையும் அறியலாம். அதில் காட்டப்படும் பெயர், புட்டியின் மீதுள்ள தயாரிப்பாளர் அல்லது விற்பனை நிறுவனத்தின் பெயருடன் பொருந்த வேண்டும். பிற நாடுகளிலிருந்து வரும் பொருள்களில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உரிம எண் கொண்ட ஒட்டுச்சீட்டு இருப்பது அவசியம்.

எனினும், உரிமம் என்பது தொழில் நடத்துவதற்கான அனுமதி மட்டுமே. ஒவ்வொரு புட்டியும் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது என்பதற்கான சான்று அல்ல. 'அமெரிக்க எஃப்.டி.ஏ. அங்கீகரித்தது' என்ற வாசகத்தையும் நம்ப வேண்டியதில்லை. அமெரிக்காவின் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, துணை உணவுகளுக்கு விற்பனைக்கு முன்னதாக அந்த அமைப்பு ஒப்புதல் வழங்குவதில்லை.

லேபிளில் பார்க்க வேண்டியவை

'ஹெல்த் சப்ளிமென்ட்' போன்ற வகைப் பெயர், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற அறிவிப்பு, ஒவ்வொரு சத்தின் அளவு, நாளொன்றுக்கு உட்கொள்ள வேண்டிய அளவு, அதை மீறக் கூடாது என்ற எச்சரிக்கை, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்குமாறு கூறும் குறிப்பு ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அழிக்கப்படாமலும் திருத்தப்படாமலும் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

பல மூலப்பொருள்களை 'தனியுரிமைக் கலவை' என்ற ஒரே பெயரில் சேர்த்து, மொத்த எடையை மட்டும் அச்சிடும் தயாரிப்புகள் உண்டு. எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை இதிலிருந்து அறிய இயலாது. ஒவ்வொன்றின் அளவையும் தனித்தனியே குறிப்பிடும் தயாரிப்பே தேர்வுக்கு ஏற்றது.

கூட்டுக் கணக்கும் முக்கியம். ஐ.சி.எம்.ஆர்.-இன் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான வைட்டமின் டி 600 யூனிட். தாங்கக்கூடிய உச்ச அளவு 4,000 யூனிட். பன்சத்து மாத்திரை, எலும்பு நலத்துக்கான மாத்திரை, சத்துப் பொடி என மூன்றை ஒருவர் ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டால், மூன்றிலும் இதே சத்து இருக்கக்கூடும். கொழுப்பில் கரையும் வைட்டமின் ஏ, டி ஆகியவை உடலில் தேங்கும் தன்மை கொண்டவை. வைட்டமின் டி மிகுந்தால் இரத்தத்தில் கால்சியம் உயர்ந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

புரதப் பொடியில் கூடுதல் கவனம்

இந்தியச் சந்தையில் கிடைக்கும் 36 புரதத் துணை உணவுகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2024-இல் 'மெடிசின்' இதழில் வெளியானது. அவற்றில் ஏறத்தாழ 70 சதவீதத் தயாரிப்புகளில் புரத அளவு லேபிளில் உள்ளவாறு இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சினும், பூச்சிக்கொல்லி எச்சமும் கண்டறியப்பட்டன.

புரத அளவில் மோசடி நிகழ்வதற்குப் பரிசோதனை முறையும் ஒரு காரணம். வழக்கமான சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து, பொதுவாக அதை 6.25 ஆல் பெருக்குகிறது. கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலந்தாலும் நைட்ரஜன் அளவு உயரும். புரதம் மிகுதியாக இருப்பது போன்ற முடிவு கிடைக்கும். எனவே, அமினோ அமிலங்களின் முழுப் பட்டியலையும், குறிப்பிட்ட தொகுதி எண்ணுக்கான ஆய்வக அறிக்கையையும் வெளியிடும் நிறுவனத்துக்கு முன்னுரிமை அளிக்கலாம். அறிக்கையிலுள்ள தொகுதி எண் புட்டியிலுள்ளதுடன் ஒத்திருக்க வேண்டும்.

போட்டிகளில் பங்கேற்கும் விளையாட்டு வீரர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தடை செய்யப்பட்ட பொருள் அறியாமலேயே உடலில் சேர்ந்திருந்தாலும், ஊக்கமருந்து தடுப்பு விதிகளின்படி பொறுப்பு வீரரையே சாரும். 'இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்', 'என்.எஸ்.எஃப். சர்ட்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்' போன்ற சான்றுகள் ஆபத்தைக் குறைக்கின்றன, முற்றிலும் நீக்குவதில்லை.

பொடி தேவையா என்பதே முதல் கேள்வி. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. அதாவது, 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 50 கிராம் போதுமானது. பருப்பு, பால், முட்டை, மீன் அடங்கிய உணவிலிருந்து இதைப் பெற முடியும். தசை வளர்ச்சிக்காகப் புரதப் பொடிகளை உட்கொள்வதைத் தவிர்க்குமாறு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அறிவுறுத்துகிறது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவர்கள்

இரும்பு, கால்சியம் மாத்திரைகள் தைராய்டு மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். எனவே, இரண்டுக்கும் இடையே 4 மணி நேர இடைவெளி பரிந்துரைக்கப்படுகிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் செயல்பாட்டை வைட்டமின் கே மாற்றிவிடும். முடி வளர்ச்சிக்கென விற்கப்படும் பயோட்டின் அதிக அளவில் உட்கொள்ளப்பட்டால், தைராய்டு, இதய பாதிப்பு ஆகியவற்றுக்கான சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவுகள் தவறாக வரலாம். பச்சைத் தேயிலைச் சாறு, அஸ்வகந்தா ஆகியவற்றை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. கர்ப்பிணிகளும், சிறுநீரக, கல்லீரல் நோயாளிகளும் மருத்துவரின் ஆலோசனையின்றி எதையும் தொடங்கக் கூடாது.

அதேவேளையில், துணைச் சத்துகள் மெய்யாகவே தேவைப்படுவோரும் உண்டு. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களுக்கு ஃபோலிக் அமிலமும், விலங்கு உணவை முற்றிலும் தவிர்ப்போருக்கு வைட்டமின் பி12-உம் அவசியம். கர்ப்பிணிகளுக்கான இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகள் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாக வழங்கப்படுகின்றன.

புகார் அளிப்பது எப்படி?

சந்தேகம் எழுந்தால் ரசீது, புட்டி, மீதமுள்ள பொருள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலி வழியாகவோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் அளிக்கலாம். வாங்கிய உணவுப் பொருளை உரிய கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்கு அளிக்கும் உரிமையை, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு நுகர்வோருக்கு வழங்குகிறது. அதே சட்டத்தின்படி, தவறான லேபிளுக்கு ரூ.3 லட்சம் வரையிலும், திசைதிருப்பும் விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். துணை உணவை உட்கொண்ட பின் கண், தோல் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், கடும் வாந்தி போன்ற அறிகுறிகள் தோன்றினால், உடனே அதை நிறுத்திவிட்டு, புட்டியுடன் மருத்துவரை அணுக வேண்டும்.