பலகைச் சுவர்களின் வரலாறு



பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது என்றதும் கோட்டையும் கோபுரமும் அரண்மனையும்தான் நினைவுக்கு வருகின்றன. அவை கல்லால் ஆனவை, நின்றன. ஒடுக்கப்பட்ட மக்கள் தமக்கெனக் கட்டியவை மண்ணாலும் ஓலையாலும் பலகையாலும் ஆனவை, விழுந்தன. விழுந்ததைக் காட்டியே 'இவர்களுக்கு வரலாறு இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். இந்த வாதத்துக்கு மறுப்பு அமெரிக்கத் தென்மாநிலங்களில் இருக்கிறது.

ராபர்ட் டெய்லர் 1868இல் வட கரோலினாவில் பிறந்தவர். அவருடைய தந்தை அடிமையாகப் பிறந்து, கட்டடத் தொழிலில் தலைநிமிர்ந்தவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக்கலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் டெய்லர். 1892இல் புக்கர் டி. வாஷிங்டன் அவரை அலபாமாவின் டஸ்கிகீ கல்வி நிறுவனத்துக்கு அழைத்தார். அங்கே மாணவர்களே செங்கல் அறுத்துச் சுட்டு, அவர் வரைந்த கட்டடங்களை எழுப்பினார்கள்.

கறுப்பினக் குழந்தைகளுக்குக் கிராமப் பள்ளிகள் கட்டும் திட்டத்தை 1912இல் வாஷிங்டனும் சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டும் தொடங்கினர். 1915இல் டஸ்கிகீ வெளியிட்ட பள்ளி வரைபடங்களில் டெய்லரின் பங்கு உண்டு. அவை மின்சாரம் இல்லாத ஊர்கள். அதனால் கிழக்கு, மேற்கு வெளிச்சம் வகுப்பில் விழும்படி உயரமான சன்னல்களை வரிசையாக அமைக்கும் முறை இப்பள்ளிகளின் அடையாளமானது. பல பள்ளிகளில் வகுப்புகளுக்கு நடுவே நகர்த்தக்கூடிய தடுப்பு இருந்தது. அதை விலக்கினால் பள்ளியே ஊர்க்கூடம்.

1932க்குள் 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் எழுந்தன. ரோசன்வால்டு தரப்பு கொடுத்தது சுமார் 43 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் திரட்டியதோ 47 லட்சத்துக்கும் மேல். அரசுக்கு வரியும் கட்டி, தம் பிள்ளைகளின் பள்ளிக்காக மறுபடியும் கொடுத்தார்கள். ஆனால் பள்ளிகளுக்கு நிலைத்த பெயர் கொடையாளருடையது.

பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பெரும் வெற்றி. அதன்பின் இப்பள்ளிகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. 2002இல் வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை, அழியும் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் இவற்றைச் சேர்த்தது. பத்தில் ஒரு பங்கு அளவே எஞ்சியிருக்கின்றன. முன்னாள் மாணவர்கள் பல ஊர்களில் அவற்றை மீட்டுச் சமூகக் கூடங்களாக்கியிருக்கிறார்கள்.

பிரிவினையின் சின்னத்தை ஏன் காக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரித்து வைத்தது அரசும் வெள்ளையர் ஆதிக்கமும். பள்ளி, அதற்கு மக்கள் சொன்ன பதில். காக்க வேண்டியது அந்தப் பதிலை. சேரி என்ற ஒதுக்குதல் ஒழிய வேண்டும்; சேரி மக்கள் எழுப்பிய பள்ளியும் படிப்பகமும் ஒழியக் கூடாது.

சுவருக்கு வண்ணம் பூசிவிட்டுச் சன்னலை அடைத்தால் அது பாதுகாப்பு ஆகாது. யாருக்காக, எந்த வெளிச்சத்துக்காக வரைந்தார்கள் என்பதைக் காப்பதே கட்டடக் கலைஞரின் பார்வை.

1894இல் சென்னை அடையாறில் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் பள்ளியை நாம் அறிவோம். முதலில் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரின் பெயர்களை எத்தனை பேர் அறிவோம்?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரின் இரவுப் பள்ளி, படிப்பகம், அம்பேத்கர் மன்றம் எதுவானாலும் அளந்து வரைபடம் போடுங்கள். இடம் கொடுத்தவர் யார், கல் சுமந்தவர் யார், கூரை வேய்ந்தவர் யார் என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கட்டடம் விழுந்தால் திரும்பக் கட்டலாம். அவர்கள் மறைந்தபின் யாரிடம் கேட்பது?