நோர்வேக்குப் போன வழி ஒரு படகு

போன கிழமை மட்டக்குளி காக்கைத்தீவில், திருத்தின பழைய பைபர் போட் ஒன்றை முதல்தரம் தண்ணியில் இறக்குவதைப் பார்த்தோம். களனி கங்கை கடலோடு சேருமிடம், கொட்டாஞ்சேனையில் இருந்து கிட்டத்தான். எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் எல்லாருடைய கண்ணும் அதன் பின்பக்கம்: குளிர்விக்கிற தண்ணி பீச்சுதா? பிறகு குனிந்து, ஒட்டுப்போட்ட இடம் கசியுதா எண்டு தடவினார்கள். கசியவில்லை.

அதே காக்கைத்தீவில்தான் சீநோர் படகுத் தளமும் இருக்கு. அந்தப் பெயரில் 'சீ' சிலோன், 'நோர்' நோர்வே. 1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வே போன அன்ரனி ராஜேந்திரம், அங்கத்தைய மக்கள் சேர்த்த காசோடு 1967இல் காரைநகரில் தொடங்கியது சீநோர். நம்ம மீனவருக்குப் பைபர் படகுகள் அங்கே கட்டப்பட்டன. அவர் மூலமாக யாழ் இளைஞர்கள் சிலர் நோர்வேக்குப் படிக்கவும் போனார்கள்.

புலம்பெயர்வு எண்டதும் நாங்கள் 1983இல்தான் கதையைத் தொடங்குகிறோம். போர் பெருந்தொகையான ஆட்களை அனுப்பியது உண்மை. ஆனால் நோர்வேக்கான பாதையை முதலில் திறந்ததில் ஒரு படகுப் பட்டறைக்கும் பங்குண்டு. அதைப் பாடப்புத்தகத்தில் நாங்கள் படித்ததில்லை.

உங்கட சொந்தத்தில் 83க்கு முதலே நோர்வே போன மாமா யாரும் இருந்தால், எப்படிப் போனவர் எண்டு இப்பவே கேட்டு எழுதி வையுங்கோ.