மூன்று லிட்டர் கறுப்பு ஆயிலும் நம் பாலாறும்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் விடமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்தானே.

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் தன் காருக்கு வீட்டிலேயே எஞ்சின் ஆயில் மாற்றினான். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டானாம். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. கடைசியில் பழைய பேசினில் மூன்று லிட்டர் கறுப்பு ஆயிலை வைத்துக்கொண்டு, "தாத்தா, சாக்கடையில ஊத்திடட்டுமா?" என்றான்.

"அது எங்க போய்ச் சேருது தெரியுமாடா?"

"பாலாத்துக்கு. அதான் ஏற்கெனவே கெட்டுப்போச்சே தாத்தா."

அந்தப் பதில்தான் என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. கெட்டுப்போனது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வரலாற்று வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதி.

நம் பக்கத்துத் தோல் தொழில் பழையது. ஆவாரம்பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு, உப்பு, இவைதான் அன்றைய சரக்கு. பதனிட நாள் கணக்காகும். 1903 வாக்கில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் முறையைச் சோதித்துப் பார்த்தார். ஆனாலும் நம் ஊர்களில் வெகுகாலம் பட்டைத் தோல்தான் ஓடியது. 1970களில் அரசின் ஏற்றுமதிக் கொள்கை மாறியது. பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் வெளிநாடு போவதைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலையும் செருப்பையும் ஊக்குவித்தார்கள். அந்நியச் செலாவணி வேண்டும், வேலை வேண்டும் என்ற நியாயமான ஆசைதான். உங்களில் எத்தனை பேர் வீட்டில் அந்தச் சம்பளத்தில் அடுப்பு எரிந்தது என்று எனக்குத் தெரியும், அதனால் தொழிலைத் திட்ட எனக்கு வாய் வராது. ஆனால் குரோமியமும் உப்பும் கலந்த தண்ணீர் எங்கே போகும் என்று அன்று யாரும் கணக்குப் போடவில்லை. பாலாறு மணல் ஆறு. மேலே காய்ந்து கிடக்கும், கையால் தோண்டினால் ஊறும். மேலே ஊற்றியது கீழே இறங்கத்தானே செய்யும்? முதலில் கிணறு கரித்தது, பிறகு தென்னை காய்ப்பு விட்டது.

1991இல் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை உச்ச நீதிமன்றம் போனது. தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழாகிவிட்டது என்பது மனுவில் சொல்லப்பட்டது. ஒரு கிலோ தோலை முடிக்க 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கும் அதில் உண்டு. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும், கெடும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில் அறிவித்தார்கள். இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் படிக்கிறார்கள். நம் ஊர்ப் பெயர் இப்படி ஒரு காரணத்துக்காகப் பாடப்புத்தகத்தில் ஏறியதில் பெருமைப்படுவதா வேண்டாமா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

அந்தத் தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001இல் வேலூர் மாவட்டத்தில் 29,000க்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு என்று கணக்கிட்டது. (அப்போது ஆம்பூர் வேலூர் மாவட்டம், இப்போது திருப்பத்தூர்.) மொத்தம் 26 கோடிக்கு மேல். குடும்பத்துக்கு வகுத்துப் பாருங்கள், பத்தாயிரம் ரூபாய்கூட வராது. ஒரு கிணற்றின் விலை அது! 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. நடுவில், 2015இல், ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுக் கசடுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள்.

இதற்கும் மூன்று லிட்டர் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளை எடுத்துப் பாருங்கள். டேனரியின் குரோமியக் கசடும் ஓடித் தேய்ந்த எஞ்சின் ஆயிலும் ஒரே அட்டவணையில் இருக்கின்றன. எஞ்சினுக்குள் சுற்றிய ஆயிலில் தேய்ந்த உலோகத் துகளும் எரிந்த கரியின் நச்சும் கலந்திருக்கும். அது லேசில் மட்காது.

இப்போது என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். 80களில் கிணற்றடி மரத் தூணுக்குக் கறையான் வரக்கூடாதென்று மெக்கானிக் ஷெட்டிலிருந்து பழைய ஆயில் வாங்கி வந்து பூசியவன் நான். மீந்ததைக் கிணற்றடி மண்ணிலேயே கொட்டினேன். அடுத்த மழையில் கிணற்றுத் தண்ணீரின் மேல் வானவில் போல ஒரு படலம். அம்மா ஒரு வாரம் அடுத்த வீட்டில் தண்ணீர் எடுத்தார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே வருஷம்தான் ஒன்பதாம் வகுப்பைப் பாலாற்றுக்கு அழைத்துப்போய் டேனரிக் கழிவைப் பற்றி முழங்கினேன். அந்த வகுப்பில் இருந்தவர்கள் மன்னிக்கவும்.

பேரனிடம் சொன்னது இவ்வளவுதான். ஆயில் ஆறியதும், புது ஆயில் வந்த கேனிலேயே புனல் வைத்து ஊற்றி இறுக்கமாக மூடு. ஃபில்டரைக் கவிழ்த்து ஒரு ராத்திரி வடியவிடு. கூலண்ட், பிரேக் ஆயில், பெட்ரோல் எதையும் இதோடு கலக்காதே, கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு உதவாது. கூலண்ட் தனி டப்பாவில் இருக்கட்டும், இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கிச் செத்துப்போகும். பழைய பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடு. பழைய ஆயிலைச் சுத்தம் செய்து மறுபடி ஆயிலாக்கும் ஆலைகள் பதிவு பெற்று இயங்குகின்றன. 2024 ஏப்ரல் முதல் ஆயில் தயாரிக்கும் கம்பெனிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டென்று சட்டம் வந்திருக்கிறது.

கேன் இப்போது திண்ணையில் இருக்கிறது. பேரன் தெரு முனை ஷெட்டில் கேட்டதற்கு, "குடுங்க, கேட்டுக்குப் பூசிக்கிறேன்" என்றாராம். கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டான். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, குடியாத்தம் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பிள்ளைகளே, உங்களிடம் சேரும் ஆயிலை எடுக்க யார் வருகிறார்கள், எந்த ஆலைக்குப் போகிறது? கீழே எழுதுங்கள். அடுத்த ஞாயிறு நானும் அவனும் கேனோடு வருகிறோம்.