ஓட்ஸியின் முடிவுறாத வில்



ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த ஓட்ஸியைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள்: "சார், அவர்கிட்ட ஆளைவிட உயரமான வில் இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அம்பும் பதினாலு இருந்திருக்கு. அப்புறம் ஏன் சார் அவர் திருப்பி எய்யல?" வகுப்பிலும் இப்படித்தான், பாடம் முடிந்தது என்று நான் நினைக்கும்போது கையைத் தூக்குவாள். பதில் கொஞ்சம் நீளமானது. பொறுமையாகப் படியுங்கள்.

முந்தைய பதிவைப் படிக்காதவர்களுக்காக: 1991 செப்டம்பர் 19 அன்று, ஆஸ்திரிய இத்தாலிய எல்லையில், 3210 மீட்டர் உயரத்தில், மலையேறிய ஒரு ஜெர்மானியத் தம்பதியர் பனியில் உறைந்த ஓர் உடலைக் கண்டார்கள். சுமார் 5300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதர். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். பத்து ஆண்டுகள் கழித்து, 2001இல் எடுத்த எக்ஸ்ரேயில்தான் அவருடைய இடது தோளுக்குள் ஒரு கல் அம்புமுனை இருப்பது தெரிந்தது. பின்னாலிருந்து எய்யப்பட்டு இறந்திருக்கிறார்.

அவருடைய வில் ஒரு பாறையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மீட்கும்போது அது ஒடிந்தது, பனிக்குள் மாட்டிக்கொண்ட துண்டு அடுத்த ஆண்டு அகழ்வில் கிடைத்தது. யூ என்ற ஊசியிலை மரத்தில் செய்தது, நீளம் 182 சென்டிமீட்டர். அவர் உயரமோ 160தான். ஆனால் அந்த வில்லில் நாணை மாட்ட இரு நுனியிலும் வெட்டு இல்லை. மேற்பரப்பு முழுக்கக் கோடரி செதுக்கிய தடங்கள் அப்படியே இருக்கின்றன. பதினான்கு அம்புகளில் பன்னிரண்டு வெறும் குச்சிகள். முனையும் இறகும் வைத்து முடித்த இரண்டும் ஒடிந்து கிடந்தன.

அதாவது, வில்லின் உருவம் வந்துவிட்டது, வில் வரவில்லை. இது எப்படி என்பதுதான் இன்றைய விஷயம்.

சின்ன வயதில் மூங்கில் சிம்பை வளைத்து, ஈர்க்குச்சியை அம்பாக்கி விளையாடியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்தச் சிம்பு ஒருபக்கம் மெலிந்திருந்தால் என்ன ஆகும்? மெலிந்த பக்கம் மட்டும் வளையும், தடித்த பக்கம் சும்மா நிற்கும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் மெலிந்த இடத்தில் படக்கென்று ஒடியும். பெரிய வில்லிலும் இதே கதைதான். இழுக்கும் விசை முழுவதையும் மேல் பாதியும் கீழ் பாதியும் நுனிவரை பகிர்ந்துகொள்ள வேண்டும். ஓர் இடம் அதிகமாக வளைந்தால் அந்த இடத்தில் வில்லின் உட்புறம் நசுங்கிச் சுருக்கம் விழும், அல்லது வெளிப்புறம் கிழியும். வில்வித்தைக்காரர்கள் எய்பவரைப் பார்க்கும் உட்புறத்தை வயிறு என்பார்கள், இலக்கைப் பார்க்கும் வெளிப்புறத்தை முதுகு என்பார்கள். இழுக்கும்போது வயிறு அமுங்குகிறது, முதுகு இழுபடுகிறது. அதனால் முதுகுப் பக்கத்து நார் அறுபடாமல் நுனிக்கு நுனி ஓட வேண்டும். அங்கே கருவியை வைக்கக்கூடாது. சீவுவதெல்லாம் வயிற்றுப் பக்கத்தில்தான்.

எங்கே, எவ்வளவு சீவுவது? இங்கேதான் சிரமம். அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகும். தடிமன் அப்படியல்ல, விறைப்பு தடிமனின் கனத்தைப் பொறுத்து மாறும். தடிமனில் பத்தில் ஒரு பங்கைச் சீவினால் 0.9 × 0.9 × 0.9 = 0.729, விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது! (வரலாற்று வாத்தியார் கணக்கு போடுகிறார் என்று சிரிக்காதீர்கள்.) இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் தவறினால் அந்த வில்லின் கதை மாறிவிடும். சீவியதை ஒட்ட முடியாது.

அதனால் முதலில் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி லேசாக அழுத்திப் பார்ப்பார்கள். ஓரளவு வளைகிறது என்றால் தளர்வாக ஒரு கயிறு கட்டி, வில்லின் நடுவை ஒரு கட்டையின் தலையில் உட்காரவைத்து, கயிற்றைக் கொஞ்சம் கீழே இழுத்துக் கட்டையிலுள்ள வெட்டில் மாட்டுவார்கள். பிறகு தள்ளி நின்று பார்க்க வேண்டும். கண்ணுக்கு எங்கே நேராக, விறைப்பாகத் தெரிகிறதோ அங்கே கரியால் குறி. இறக்கி, குறியிட்ட இடத்தில் மட்டும் சுரண்டல். அதிகம் வளையும் இடத்தைத் தொடவே கூடாது, மற்ற இடங்களைத்தான் அதன் அளவுக்கு இறக்கிக் கொண்டுவர வேண்டும். கணு இருக்கும் இடத்தில் சுற்றிலும் கொஞ்சம் மரத்தை விட்டுவைக்க வேண்டும். சுரண்டியபின் இருபது முப்பது முறை மெதுவாக இழுத்துவிட்டால்தான் சுரண்டியதன் விளைவு வளைவில் தெரியும். மறுபடி கட்டையில் ஏற்று, இன்னும் ஒரு விரற்கடை கூடுதலாக இழு, பார், சுரண்டு. மரம் காய்ந்திருக்கவும் வேண்டும். ஈர மரத்தை இப்படி வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும்.

இந்த வேலையின் முடிந்த வடிவத்தைப் பார்க்க ஓட்ஸியிலிருந்து ஏறக்குறைய 4800 ஆண்டுகள் தாண்டி இங்கிலாந்துக்குப் போக வேண்டும். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலிலிருந்து 170க்கு மேற்பட்ட வில்கள் கிடைத்தன. அவையும் யூ மரம்தான். முதுகில் பட்டைக்கு அடுத்த வெளிர்நிறப் பகுதி, வயிற்றில் வைரம் பாய்ந்த பகுதி. முன்னது இழுவையைத் தாங்கும், பின்னது அமுக்கத்தைத் தாங்கும். நல்ல யூ கட்டைக்கு அந்நாட்டில் அவ்வளவு தட்டுப்பாடு. வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கில் ஒரு டன்னுக்கு நான்கு வில்கட்டைகள் வீதம் கொண்டுவர வேண்டும் என்று 1472இல் சட்டமே போட்டார்கள். கப்பல் மூழ்கிய அதே 1545இல் ரோஜர் ஆஸ்கம் என்பவர் வில்வித்தை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வாங்கிய வில்லைக் கொஞ்ச நாள் எய்து பழக்கிவிட்டு, மறுபடி நல்ல தொழிலாளியிடம் கொடுத்து எல்லா இடமும் சீராக வளையும்படி திருத்தி வாங்கச் சொல்கிறார். ஆஸ்கமும் வாத்தியார்தான், பின்னாளில் ராணியான எலிசபெத்துக்குப் பாடம் சொன்னவர்.

இப்போது ஓட்ஸியின் நிலையை யோசித்துப் பாருங்கள். இறப்பதற்குச் சில நாள் முன்பு அவருடைய வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே, ஆழமான வெட்டு விழுந்திருக்கிறது. அவர் வலதுகைக்காரர் என்பது கல் கருவிகளைத் தீட்டிய விதத்தில் தெரிகிறது. கருவிகளும் தேய்ந்து தேய்ந்து சின்னதாகிவிட்டவை. கடைசி ஓரிரு நாளில் அவர் பள்ளத்தாக்குக்கு இறங்கி மறுபடி மேலே ஏறியிருக்கிறார் என்று குடலில் இருந்த மகரந்தத்தை வைத்துச் சொல்கிறார்கள். ஆற அமர உட்கார்ந்து, தள்ளி நின்று பார்த்து, மெல்ல மெல்லச் சுரண்ட வேண்டிய வேலை அது. அதற்கு நல்ல கை, கூர்மையான கருவி, துரத்தல் இல்லாத நாட்கள் வேண்டும். மூன்றில் ஒன்றும் அவரிடம் இல்லை. பழைய வில் ஏதோ சண்டையில் போயிருக்க வேண்டும், அவசரமாகப் புதிது வெட்டியிருக்கிறார் என்பது என் ஊகம்.

அது முடிந்த வில்தான், நுனியில் வெட்டு இல்லாமலும் நாணைக் கட்டலாம் என்று வாதிடுவோரும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. அம்புகளில் பன்னிரண்டும் பாதியில் நிற்கும்போது வில் மட்டும் முடிந்திருக்கும் என்று எப்படி நம்புவது? முதுகில் பாய்ந்த அம்பை, வில் தயாராக இருந்திருந்தாலும் அவரால் தடுத்திருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

அம்பறாத்தூணிக்குள் சுமார் இரண்டு மீட்டர் கயிறு ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. விலங்கின் தசைநாரை முறுக்கிச் செய்தது. அது அந்த வில்லுக்காகவே வைத்திருந்த நாண் என்று ஆய்வாளர்கள் இப்போது கருதுகிறார்கள். ஓட்ஸியும் அவருடைய பொருட்களும் 1998 முதல் இத்தாலியின் போல்சானோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஐரோப்பாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் போனால், வில்லில் கோடரி வெட்டுகள் எப்படித் தெரிகின்றன என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். கேள்வி கேட்டவளுக்கும் சேர்த்து.