தமிழ்ச் செபமொழி வளர்ந்த வரலாறு

ஐதராபாத் நகரத்து அமீர்பேட் பகுதியில், கணினிப் பயிற்சி நிலையங்களை நாடி வந்த தமிழ் இளைஞர் பலர் உளர். அவர்களுள் சிலர் அந்நகரிலேயே வேலை பெற்றுக் குடும்பமாக நிலைத்துவிட்டனர். அத்தகைய கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் மாலைச் செபம் நடக்கும்பொழுது செவிசாய்த்தால் ஒரு விந்தை புலப்படும். ஊரிலிருந்து வந்து தங்கியுள்ள பாட்டியார் 'பிரியதத்தம்' என்பார். மகன் 'அருள்' என்பார். நகரிலேயே பிறந்த பேத்தி, அதே தமிழ்ச் செபத்தைத் தெலுங்கெழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிப்பாள். செபம் ஒன்றே, சொல் வேறு, எழுத்து வேறு. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராயப் புகின், நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு மொழிபெயர்ப்பு வரலாறு நம்முன் விரிகின்றது.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1535-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கிறிஸ்தவ சமயம் தழுவினர். கடலிலும் கரையிலும் தமக்கு நேர்ந்த இடுக்கண்களினின்று போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடியதே அதற்குப் பெரிதும் காரணம். திருமுழுக்குப் பெற்றார்களேயன்றி, செபம் சொல்லிக்கொடுப்பார் இல்லை. 1542-இல் அக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இருமொழியும் ஓரளவு அறிந்த உள்ளூரார் சிலரைக் கூட்டி, பல நாள் முயன்று, விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தைச் செபம் ஆகியவற்றைத் தமிழில் ஆக்கினார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் ஊர் முழுதும் சுற்றிச் சிறுவரையும் ஆடவரையும் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

ஈண்டு ஒரு சிறு செய்தி, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் போன்றோர்க்குப் பெரிதும் சுவையுடையது. 'நம்புகிறேன்' என்று தொடங்க வேண்டிய விசுவாச அறிக்கை, அந்த முதல் மொழிபெயர்ப்பில் 'வேணும்' என்ற சொல்லோடு அமைந்துவிட்டது. சவேரியார் இதனைப் பின்னர் உணர்ந்து, உடன் பணிபுரிந்த மன்சில்ஹாஸ் என்பவருக்குக் கடிதம் எழுதி, 'வேணும்' என்பதை நீக்கி 'விசுவாசம்' என்ற பொருள்படும் சொல்லை இடுமாறு பணித்தார். விரும்புதல் வேறு, நம்புதல் வேறு என்பது அவர் வாதம். வாதம் சரியே. ஆயினும், முத்தெடுக்க ஒவ்வொரு நாளும் உயிரைப் பணயம் வைத்து மூழ்கிய மக்களின் வாயில், கடவுள் வேணும் என்ற சொல் பொருளற்று ஒலித்திராது என்றே நான் கருதுகிறேன். கோப்புகளை மொழிபெயர்ப்பவர் இத்தகைய பிழைக்கு மன்னிப்புப் பெறுதல் அரிது. அது வேறு செய்தி.

சவேரியாருக்குப் பின், 1554-இல், லிஸ்பன் மாநகரில் ஒரு சிறு செபநூல் அச்சாயிற்று. விசேந்தே நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ் என்னும் மூன்று இந்தியர் அதனை ஆக்கினர். மொழி தமிழ், எழுத்து ரோமன். தமிழ் முதன்முதல் அச்சேறியது தமிழகத்தில் அன்று, தமிழெழுத்திலும் அன்று என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். வெளியூரில் வளரும் பிள்ளைகள் தமிழைப் பிற எழுத்தில் படிப்பது கண்டு மனம் வருந்தும் பெற்றோர்க்கு இச்செய்தி சிறிது ஆறுதல் தரக்கூடும். எழுத்து மாறினும் அந்நூல் தமிழ் ஒலியைக் காத்தே நின்றது.

தமிழெழுத்தில் அச்சிட்ட பெருமை அண்டிரிக் அடிகளாருக்கு உரியது. போர்த்துகல் நாட்டில் 1520-இல் பிறந்த இவர், 1547 முதல் முத்துக்குளித்துறையில் வாழ்ந்து, தமிழை முயன்று கற்று, அதற்கு ஓர் இலக்கணமும் போர்த்துகீசிய மொழியில் வரைந்தார். இவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறே பக்கம் கொண்ட நூல். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. 1586-இல் புனிதர்களின் வரலாற்றைக் கூறும் பெருநூல் ஒன்று அறுநூறு பக்கங்களுக்கு மேலாக அச்சாயிற்று. அதனை இராசமாணிக்கம் அடிகளார் 1967-இல் 'அடியார் வரலாறு' என்று பதிப்பித்தார். அண்டிரிக் அடிகளாரின் நடை புலவர் நடையன்று, கரைமக்களின் பேச்சுநடை. கடவுளுக்குத் 'தம்பிரான்' என்று தமிழ்ப்பெயர் இட்ட அவரே, தூய ஆவியைக் குறிக்கப் போர்த்துகீசியச் சொல்லையே பெரும்பாலும் அப்படியே ஆண்டார். 'இஸ்பிரீத்து சாந்து' என்ற அவ்வழக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நம் சிற்றூர்க் கோயில்களில் வழங்கியது.

1606-இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி, இத்தகைய கடன்சொற்கள் இச்சமயத்தைப் பறங்கியர் சமயமாகக் காட்டும் என்று கண்டார். ஆகவே, கோவில், குரு, பூசை, வேதம் முதலிய நாட்டு வழக்குகளைத் துணிந்து கைக்கொண்டார். கடவுள் 'சர்வேசுரன்' ஆனார். அவருடைய முறைகளைப் பற்றிப் பெரும் பூசல் எழுந்து, 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் ஆணை பிறப்பித்த பின்னரே ஒருவாறு ஓய்ந்தது. சொற்களைப் பொறுத்தவரை வெற்றி நொபிலிக்கே. 'மீசை' என்று திரிந்து வழங்கிய போர்த்துகீசியச் சொல் மறைய, 'பூசை' நிலைபெற்றது.

வீரமாமுனிவரைத் 'தேம்பாவணி' பாடிய புலவராகவே பலரும் அறிவர். திருச்சபையின் அன்றாட வாழ்வுக்கு அவர் உரைநடையில் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' அதனினும் மிகுதியாகப் பயன்பட்டது என்பது என் எண்ணம். 1727-இல் எழுதப்பெற்ற அந்நூல், உபதேசியார் எனப்பட்ட பொதுநிலையினருக்கு உரியது. குருக்கள் ஆண்டிற்கு ஒரு முறையோ இரு முறையோ மட்டும் வரக்கூடிய ஊர்களில் செபம் நடத்தியவரும், குழந்தைகட்குக் கற்பித்தவரும், இறந்தோரை அடக்கம் செய்வித்தவரும் உபதேசியாரே. குருவின்றியும் செபம் நின்றுவிடாமல் காத்தவர்கள் அவர்கள்.

இந்தச் செபமொழி தமிழகத்து எல்லையைக் கடந்து தக்காணத்திற்கும் வந்தது. 1806-இல் செகந்திராபாத் பாளையம் அமைந்தபின், சென்னைப் படையின் சிப்பாய்களோடு சமையற்காரரும் வணிகரும் கைவினைஞருமாகத் தமிழர் பலர் அங்குக் குடியேறினர். அயர்லாந்து நாட்டுக் குருவாகிய டேனியல் மர்பி எழுப்பிய புனித மரியாள் ஆலயம் 1850-இல் நிறைவுற்றது. 2008-இல் அது பேராலயச் சிறப்புப் பெற்றது. மர்பி பின்னாளில் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரத்துப் பேராயரானார். பீடத்தில் இலத்தீன் ஒலிக்க, மக்கள் தத்தம் தாய்மொழியில் செபமாலை சொல்லுவதே அக்காலத்து எங்கும் நிலவிய வழக்கம்.

அவ்வழக்கத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் மாற்றியது. 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியான திருவழிபாட்டுச் சாசனம், வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடம் தந்தது. வழிபாடு தமிழில் வந்தபொழுது, எந்தத் தமிழ் என்ற வினாவும் உடன் வந்தது. வடசொல் மிகுந்த நடை வழக்கொழிந்துகொண்டிருந்த காலம் அது. ஆதலின் பூசை 'திருப்பலி'யாயிற்று, ஞானஸ்நானம் 'திருமுழுக்கு', சுவிசேஷம் 'நற்செய்தி', அப்போஸ்தலர் 'திருத்தூதர்'. கத்தோலிக்கரும் பிற சபையினரும் கூடி ஆக்கிய பொது மொழிபெயர்ப்பாகிய 'திருவிவிலியம்' 1995-இல் வெளிவந்தபின், இச்சொற்கள் மேலும் வேரூன்றின.

இம்மாற்றத்தில் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. 'பிரியதத்தம்' என்பதை எடுத்துக்கொள்வோம். அன்பினால் கொடுக்கப்பட்டது என்பது அதன் பொருள். கைம்மாறு கருதாத கொடை என்னும் இலத்தீன் மூலச்சொல்லின் கருத்தை இதனினும் நுட்பமாகப் பெயர்த்தல் இயலாது. ஆயினும் அச்சொல் செபப்புத்தகத்திற்கு வெளியே உயிர்வாழவில்லை. 'அருள்' அவ்வாறன்று, சைவரும் வைணவரும் நூற்றாண்டுகளாகப் போற்றிய சொல், தெருவிலும் வீட்டிலும் வழங்கும் சொல். நுட்பம் குறைந்து உயிர்ப்பு மிகுந்தது. நான் அங்கிருந்து தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்திருப்பின் நானும் அருளையே எடுத்திருப்பேன், சிறிது தயக்கத்தோடு.

அத்தயக்கத்திற்குக் காரணம் முதியோரே. எழுதப் படிக்கத் தெரியாத பலருக்குச் செபம் என்பது பொருளறிந்து படிக்கும் வாசகமன்று. தாயின் மடியில் காதால் பெற்ற ஓசை. ஓசை மாறியபொழுது, தம் செபமே பறிபோயிற்று எனச் சிலர் கலங்கினர். கோயிலில் புதிய சொற்களைக் கூட்டத்தோடு கூட்டமாகச் சொல்லும் அவர்களே, துக்க வீட்டில் உடலருகே அமர்ந்து செபிக்கும்பொழுது தம்மையறியாமல் பழைய சொற்களுக்குத் திரும்புவதுண்டு. அவ்வேளையில் இளையோரும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவர்கள் குரலையே பின்தொடர்கின்றனர்.